உன் கடலும் என் கல்லறைகளும்

ஓல்ட் ஆர்ச்சர்ட் பீச், மெயின்
29 ஆகஸ்ட் 1995

ஸெலிக்,

அடுப்புக்கு மேல் அலமாரியில், சிவப்பு டப்பாவுக்குப் பின்னால் உன் ரத்தக்கொதிப்பு மாத்திரை இருக்கிறது. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதில் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்தக் கடிதம் முதலில் அதற்காகத்தான்.

நான் எங்கே இருக்கிறேன் என்று ஈலானா டொரண்டோவிலிருந்து போன் போட்டுச் சொல்லியிருப்பாள். அப்பாவிடம் சொல்லாதே என்று சொன்னால் அவள் உடனே சொல்லிவிடுவாள், அதனால்தான் அப்படிச் சொன்னேன். நாம் கல்யாணமான முதல் வாரம் தங்கினோமே, அதே விடுதி. அப்போது இருந்த கிழவியின் மருமகள் இப்போது நடத்துகிறாள், மிஸஸ் தெரியோ. "ஏம்மா, வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டாள். "அவரு கல்லறையில இருக்காரு" என்றேன். பாவம், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். நீ செத்துவிட்டாய் என்று நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. மத்தியானம் சூப் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஆகாத இறைச்சி; ஜன்னல் வழியாகக் கடற்பறவைகளுக்குப் போட்டேன்.

முப்பத்தொன்பது வருஷமாக நம் ஒப்பந்தம் என்ன? கோடை விடுமுறையில் எனக்கு ஒரு வாரம், உனக்கு ஒரு வாரம். என் வாரத்தில் நம் யூத ஜனங்கள் வாழ்ந்து செத்த ஊர்கள், பழைய ஜெப ஆலயங்கள், கல்லறைத் தோட்டங்கள். உன் வாரத்தில் பக்கத்தில் எது கடலோ அது. நியூபோர்ட், வெனிஸ், லாத்வியா என்று எல்லா ஊரிலும் நான் உள்ளே போவேன், நீ வாசலில் நிற்பாய். கோஹேன் குலத்தவன், ஆரோனின் வம்சம், ஆசாரியன். கல்லறைக்குள் கால் வைத்தால் தீட்டு. இந்த வருஷம் மாற்றிக்கொள்வோம் ஸெலிக். உன் கடலை நான் எடுத்துக்கொண்டேன். என் கல்லறைகளை நீ எடுத்துக்கொள்.

நீ செய்ததை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், எழுதினாலாவது நம்பும்படி இருக்கிறதா என்று. என் அம்மா ஷிஃப்ரா, கோட்டுத் தொழிற்சாலையில் பொத்தான் துளை தைத்துத் தைத்து விரல் கோணிப்போனவள், சாவதற்கு முன்பே கல்லறையில் மூன்று இடம் வாங்கி வைத்தாள். நடுவில் அவள், இருபக்கமும் நாம். அந்த இரண்டு இடத்தையும் நீ அடக்கச் சங்கத்திடம் கொடுத்துவிட்டு, ரோட்டோரம் வேலியை ஒட்டிய கோஹேன் வரிசையில் இரண்டு இடம் வாங்கிக்கொண்டு வந்தாய். என்னைக் கேட்கவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாய்: "அந்த எடத்த மாத்திட்டேன் ப்லூமா. ரோட்டோரமா கெடச்சுது. காத்தோட்டமா இருக்கும்."

காற்றோட்டமா? எனக்கு அங்கே எதற்குக் காற்று?

கையெழுத்தை வாபஸ் வாங்கு. அதுவரை நான் வரமாட்டேன்.

ப்லூமா


மாண்ட்ரியல்
3 செப்டம்பர் 1995

அன்புள்ள ப்லூமா,

மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருந்தது. நீயும் தப்பு செய்வாய் என்று பதிவு செய்து வைக்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். முட்டை அவிக்கத் தெரிந்துகொண்டேன். பாத்திரம் ஒன்று கரிந்தது, எது என்று சொல்லமாட்டேன், வந்து பார்த்துக்கொள். நான் செத்ததற்கு மிஸஸ் தெரியோ வருத்தப்பட்டதற்கு நன்றி சொல்.

இடத்தைப் பற்றி. காற்றோட்டம் என்று சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் யோசித்துப் பார். என் அப்பா யூடெல் அந்த வரிசையில்தான் இருக்கிறார், கல்லில் கோஹேன் அடையாளமாக விரல் பிரித்த இரண்டு கைகளோடு. அவருக்குப் பக்கத்தில் நான் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கோஹேன்களை வேலியோரம் புதைப்பது நான் கண்டுபிடித்த வழக்கமா? பிள்ளைகள் உள்ளே வந்து தீட்டுப்படாமல் ரோட்டில் நின்றே ஜெபிக்கலாம் என்றுதான் பெரியவர்கள் வைத்தார்கள். 'நமக்கு இருப்பது ஒரே பெண், பெண்ணுக்கு அந்தத் தீட்டே கிடையாது, அவள் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்பாள், அப்புறம் எதற்கு ரோட்டோரம்' என்று நீ கேட்பாய். கேட்பாய் என்று தெரியும். ஒரு மனுஷனுக்கு அவன் அப்பா பக்கத்தில் இருக்க ஆசை இருக்கக்கூடாதா?

கல்மனைக் கேட்டேன். சங்கத்தின் செயலாளர் ஆனதிலிருந்து அவனுக்குக் கழுத்து திரும்புவதில்லை. "எழுதினது எழுதினதுதான் ஸெலிக். பண்டிகையெல்லாம் முடியட்டும், கமிட்டி கூடட்டும், பாக்கலாம். நடுவுல யாருக்காவது அவசரம்னா அந்த எடத்தக் குடுக்கத்தான் செய்வோம்" என்கிறான். யாருக்கு என்ன அவசரம் வரப்போகிறது?

உன் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும் ப்லூமா. அவள் இருந்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். இந்த மாதக் கடைசியில் நம் புத்தாண்டு, வந்துவிடு. தனியாக ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்ன எனக்குப் பிடிக்காது.

உன்
ஸெலிக்


ஓல்ட் ஆர்ச்சர்ட் பீச்
10 செப்டம்பர் 1995

ஸெலிக்,

என் அம்மாவை இழுக்காதே. இழுத்துவிட்டாய், அதனால் சொல்கிறேன்.

ஜனவரி 1984. உனக்கு நினைவிருக்கும், அன்றைக்குக் குளிர் மூக்கை அறுத்தது. நான் ஒரே பிள்ளை. அண்ணன் இல்லை, தம்பி இல்லை. இருந்த ஒரே ஆண்பிள்ளை மருமகன், நீ. மாமியாருக்காகக் கோஹேன் தீட்டுப்படக் கூடாதாம். பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள், பெண்டாட்டி, பிள்ளை, அவ்வளவுதானாம். நீ வேலிக்கு வெளியே காது மூடிய தொப்பியோடு காருக்குப் பக்கத்தில் நின்றாய். நான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து முதல் மண்ணைப் போட்டேன். மண்ணா அது, கல். மூன்றாவது தடவை கை நழுவிக் குழிக்குள் சாயப் பார்த்தேன். என்னைப் பிடித்தவன் கல்மன். கல்மன், ஸெலிக்! பள்ளிக்கூடத்தில் என் பென்சிலைத் திருடியவன்.

வெளியே வந்தபோது, கல்லறையிலிருந்து வருகிறவளுக்குக் கை கழுவ நீ தண்ணீர் ஊற்றினாய். பிளாஸ்கில் வெதுவெதுப்பாகக் கொண்டுவந்திருந்தாய். அந்த வெதுவெதுப்புக்காக அன்றைக்கு உன்னை மன்னித்தேன். முழுதாக இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் அதேதான். வெனிஸில் லீடோ தீவில் கடற்கரையும் நம் கல்லறையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. நான் உள்ளே சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில், நீ வாசலில் தொப்பியால் விசிறிக்கொண்டு. வந்ததும் பாட்டிலைச் சாய்ப்பாய். என் கை நனையும். அப்புறம் உன் கடலுக்குப் போவோம். இதை நான் சந்தோஷமாகத்தான் நினைத்து வைத்திருந்தேன் தெரியுமா?

இனி எழுதப்போவதை இரண்டு வருஷமாக எழுதாமல் வைத்திருந்தேன். காலையில் எழுதிக் கிழித்தேன். இது இரண்டாவது தடவை.

ஜூலை 1993. நாம் லாத்வியாவில் யூர்மலா கடற்கரையில் இருந்தோம். உன் அப்பாவைப் பெற்ற தாத்தா பெரெலின் ஊர் பஸ்ஸில் நாலு மணி நேரம் என்று தெரிந்ததும் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "எதுக்கு, அங்க யாரு இருக்கா நமக்கு?" என்றாய். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆடு மேய்த்த ஒரு அம்மாவிடம் சாவி வாங்கி நான் உள்ளே போனேன். நீ வழக்கம்போல் வெளியே.

கல் கிடைத்தது. பாசி மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பெயர் வந்தது. பெயருக்கு மேலே உன் அப்பாவின் கல்லில் இருப்பதுபோல் இரண்டு கைகள் இருக்கும் என்று இன்னும் சுரண்டினேன். கைகள் இல்லை ஸெலிக். கூஜா இருந்தது. சாய்ந்த கூஜா. கீழே தெளிவாக, பெரெல், லேவி.

லேவியர். கோஹேன்கள் ஜனங்களை ஆசீர்வதிக்க மேடை ஏறுமுன் அவர்கள் கையில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். கோஹேனுக்குக் கூஜா தூக்கும் குலம். அந்தக் கல்லில் சாய்ந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய், "கெடச்சுதா?"

"எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு. ஒண்ணும் தெரியல."

நீ பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றினாய். லேவி, உன் வேலையைத்தான் செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டே கையை நீட்டினேன்.

ஏன் சொல்லவில்லை? பண்டிகை நாளில் நீ காலணியைக் கழற்றிவிட்டு, ஜெபச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு மேடையில் நிற்பாய். அந்தச் சில நிமிஷம் தவிர உனக்கு வேறு பெருமை கிடையாது. மற்ற நாளெல்லாம் ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டிக் கழற்றுகிற பிழைப்பு. அதைப் பிடுங்க மனசு வரவில்லை. இது முதல் காரணம். இரண்டாவது காரணம் நல்லதில்லை. உன் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் இருந்தது, அதற்கு எதிராகக் கையில் ஒன்று இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். லேவிக்குக் கல்லறைத் தீட்டு கிடையாது; நீ வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவனே இல்லை. பாவம், தெரியாமல் வாழ்நாளெல்லாம் நின்றிருக்கிறாய். இரண்டு வருஷம் மறைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. எலூல் மாதம், மன்னிப்புக் கேட்கிற மாதம்தானே. இனி ரோட்டோர இடம் உனக்கெதற்கு? போய்க் கல்மனிடம் சொல்லு.

ப்லூமா


மாண்ட்ரியல்
14 செப்டம்பர் 1995

ப்லூமா,

கடிதம் வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

இங்கே கனடாவிலிருந்து கியூபெக் பிரிவதா வேண்டாமா என்று அடுத்த மாதம் வாக்கெடுப்பு. எங்கே போனாலும் அதே பேச்சு. ரொட்டிக் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு "நீங்க எந்தப் பக்கம் சார்?" என்கிறார். நம் வீட்டில் வாக்கெடுப்பு இல்லாமலே பிரிவு நடந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவா?

பாசியைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் பொறு.

ஸெலிக்


மாண்ட்ரியல்
19 செப்டம்பர் 1995

ப்லூமா,

இரண்டு நாள் என்றேன், ஐந்தாகிவிட்டது.

அன்றைக்கு நீ "ஒண்ணும் தெரியல" என்றபோது உன் பத்து நகத்திலும் பாசி இருந்தது. நான்தானே தண்ணீர் ஊற்றினேன், எனக்குத் தெரியாதா? சுரண்டியவளுக்குத் தெரியாமல் போகாது. நீ பார்த்துவிட்டாய் என்று எனக்கு அங்கேயே தெரியும். என்ன பார்த்தாய் என்றும் தெரியும்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதைக் கேட்க வேண்டியவன் நான்.

1971இல் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் சொன்னார். 1926இல் கப்பலில் வந்து இறங்கிய பையன், பத்தொன்பது வயசு, ஒருத்தரையும் தெரியாது. பண்டிகை நாள். தையற்கடைக்கு மேலே மாடியில் இருந்த ஜெப ஆலயத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு கோஹேன்கூட இல்லை, ஆசீர்வாதமே இல்லாமல் பண்டிகை போகப்போகிறது. "யாராவது கோஹேன் இருக்கீங்களா?" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் கையைத் தூக்கிவிட்டார். அப்புறம் தலைவர் பக்கத்தில் இடம், மத்தியானம் கோழிச் சாப்பாடு, மறுவாரம் தொப்பித் தொழிற்சாலையில் வேலை.

"ஒரு கோழிக்காலுக்காகத்தான்டா தூக்கினேன். தூக்கின கைய எறக்கவே முடியல" என்றார். "எங்கப்பா லேவி. வீட்டுல பித்தளைக் கூஜா இருந்துச்சு. நான் சொல்லிட்டேன், இனி உன் பாடு."

என் பாடு. என்ன செய்தேன் தெரியுமா? கல்தச்சனிடம் போய் அவர் கல்லில் இரண்டு கைகளைச் செதுக்கச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். பதின்மூன்று வயதில் அவர் சால்வைக்குள் அவரோடு நின்று ஆசீர்வாதம் சொன்னவன், அவரைப் பொய்யன் என்று ஊருக்கு எப்படிச் சொல்வேன்? இந்தப் பண்டிகை போகட்டும், அடுத்ததில் சொல்லலாம் என்று இருபத்திநாலு வருஷம் போய்விட்டது.

எண்ணிக்கொள். 1971. உன் அம்மா போனது 1984.

நான் வேலிக்கு வெளியே நின்றது வேதத்துக்காக இல்லை. கல்மன் பார்த்துக்கொண்டிருந்தான், அதற்காக. நீ சாய்ந்ததை நான் பார்த்தேன். ஒரு கால் எடுத்து வைத்தேன். அப்புறம் வைக்கவில்லை. உன் அம்மா கடைக்காரர்களிடமெல்லாம் "எம் மருமகன் கோஹேனாக்கும்" என்று சொல்லித் திரிந்தவள். அவள் குழியோரத்தில் அதை உடைக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்போல் இருந்தது.

வெளியூர்களில்கூட ஏன் நின்றேன் என்று நீ கேட்கலாம். வெனிஸில் என்னை யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் எல்லா வாசலிலும் நின்றேன். கடலில் இறங்கும்போது மட்டும் நிம்மதி. அப்பாவும் அப்படித்தான். அங்கே, நீ இப்போது இருக்கிற அதே கடற்கரையில், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போவார். அங்கே யாரும் அவரைக் கோஹேன் என்று கூப்பிட்டதில்லை.

ரோட்டோர இடமும் அதற்காகத்தான். கோஹேன் ஏன் உள்ளே கிடக்கிறான் என்று செத்த பிறகும் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று.

புத்தாண்டுக்கு வா என்று இனி சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஸெலிக்


ஓல்ட் ஆர்ச்சர்ட் பீச்
24 செப்டம்பர் 1995

தெரிந்துதான் நின்றாயா.

இரண்டு வருஷம் உனக்காக வருத்தப்பட்டேன். ஐயோ பாவம், இல்லாத தீட்டுக்காக எத்தனை வாசலில் நின்றான் என்று நினைத்து லாத்வியாவிலிருந்து வரும் விமானத்தில் உன் தோளில் சாய்ந்து அழுதேன். "ஏண்டி அழறே, காது வலிக்குதா?" என்று கேட்டு மிட்டாய் கொடுத்தாய். காது வலி இல்லை என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நீ பொய் சொன்னதைக்கூட நான் தாங்குவேன். ஒரு கால் எடுத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் தாங்கவில்லை. அந்தக் காலைத் திரும்ப எடுத்தாயே ஸெலிக்.

இன்று சாயங்காலம் புத்தாண்டு பிறக்கிறது. வரமாட்டேன். இங்கே சீசன் முடிந்து கடை எல்லாம் மூடிவிட்டார்கள், கடற்கரையில் நானும் நாயை நடத்துகிற ஒருவரும்தான். ஆப்பிள் இருக்கிறது. தேன் மிஸஸ் தெரியோ தந்தாள்.

உபவாச நாளில் நீ மேடை ஏறுவாயா மாட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை. எழுதாதே.

ப்லூமா


மாண்ட்ரியல்
8 அக்டோபர் 1995

ப்லூமா,

எழுதாதே என்றாய். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். படிக்காவிட்டாலும் உறையைத் தூக்கிப் போடாதே.

உபவாசத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரபியிடம் போனேன். சொன்னேன். நம் ரபி சின்ன வயசுக்காரர், ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். திட்டுவார் என்று பார்த்தேன். "தலைப்பிள்ளை மீட்பு எத்தனை பேருக்குப் பண்ணீங்க?" என்றார். அதை நான் மறந்தே போயிருந்தேன். தலைமகன் கடவுளுக்குச் சொந்தம், கோஹேன் ஐந்து வெள்ளிக்காசு வாங்கிக்கொண்டு பெற்றவர்களிடம் திருப்பித் தர வேண்டும். நான் பதினேழு பேரைத் திருப்பித் தந்திருக்கிறேன். ஒன்றும் செல்லாது. ஒவ்வொருவருக்கும் நானே சொல்ல வேண்டும், அவர்கள் உண்மையான கோஹேனிடம் மறுபடி போக வேண்டும்.

முதலில் பல் டாக்டர் ஹெர்ஷெலுக்குப் போன் செய்தேன். முப்பத்திநாலு வயசு, நூற்றுப்பத்து கிலோ. கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்ப முப்பத்திநாலு வருஷமா நான் கடவுளுக்குத்தான் சொந்தமா? அங்கிள், எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க, அவ எனக்குன்னு நெனச்சிட்டிருக்கா" என்றான். எல்லாரும் அப்படிச் சிரிக்கவில்லை. ஒருவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்.

உபவாச நாள். கோஹேன்கள் கை கழுவ எழுந்தார்கள். நானும் எழுந்தேன். காலணியைக் கழற்றவில்லை. தொட்டிப் பக்கம் மாக்ஸ் கூஜாவோடு நின்றான், வருஷாவருஷம் எனக்கு ஊற்றுகிறவன். கையை நீட்டுவேன் என்று சாய்த்துக்கொண்டு நின்றான். நான் கூஜாவைப் பிடித்தேன்.

"இன்னைக்கு நான் ஊத்துறேன் மாக்ஸ்."

"என்ன ஸெலிக், உடம்பு சரியில்லையா?"

"நான் லேவி."

சத்தமாகத்தான் சொன்னேன். நீ மாடியில் பெண்கள் பக்கம் இருந்திருந்தால் கேட்டிருக்கும். மூன்று கோஹேன்களுக்கு ஊற்றினேன். கூஜாவை அதிகமாகச் சாய்த்துவிட்டேன், பெரியவர் ஃபிஷெலின் சட்டைக்கை முழுதும் நனைந்தது. "ஊத்துடா, பரவால்ல" என்றார். அப்புறம் முதல் தடவையாகக் கீழே நின்று ஆசீர்வாதம் வாங்கினேன். பார்க்கக் கூடாது என்பதால் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. வெள்ளிக்கிழமை காலையில் கல்மனோடு கல்லறைக்குப் போனேன். வாசலில் கால் தானாக நின்றது. கல்மன் முன்னால் நடந்தான். உள்ளே போனேன். உன் அம்மாவின் கல் எங்கே என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் ஒன்பது மாதம், கல்மனைக் கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

ப்லூமா, அவளுக்கு இடப்பக்கம் புது மண் குவிந்திருக்கிறது. குப்பர்மன் வீட்டு அம்மா. செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி. "நடுவுல அவசரம் வந்துச்சு ஸெலிக், நான் என்ன பண்ண? நீ எழுதிக் குடுத்துட்டியே" என்றான் கல்மன். அவன் கழுத்தும் அன்றைக்குக் குனிந்துதான் இருந்தது. பத்தொன்பதாம் தேதி உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிய கையோடு அவனிடம் போயிருந்தால் இடம் இருந்திருக்கும். இரண்டு நாள். இருபத்திநாலு வருஷம் தள்ளிப்போட்டவனுக்கு இரண்டு நாள் பெரிதாகத் தெரியவில்லை.

வலப்பக்கம் காலியாக இருக்கிறது. அதை உன் பெயரில் திரும்ப எழுதிவிட்டான், நான் நின்று பார்த்தேன். உன் அம்மாவுக்கு அடுத்து நீ. ரோட்டோர இடம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றில், அப்பாவுக்குப் பக்கத்தில் நான். அந்த வரிசையில் எல்லாக் கல்லிலும் கை இருக்கும், என்னுடையதில் கூஜா இருக்கும். உள்ளே நீ, வேலியோரம் நான். நாற்பது வருஷம் ஒத்திகை பார்த்துவிட்டோம்.

உன் அம்மாவின் கல் மேல் நம் வழக்கப்படி ஒரு சின்னக் கல் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். கல்மன் தூரப்போய் நின்றுகொண்டான். நிறைய நேரம் இருந்தேன்.

வெளியே வந்ததும் வாசல் குழாயடியில் கை கழுவ வேண்டும். உனக்கு எத்தனையோ ஊரில் ஊற்றியிருக்கிறேன், எனக்கு ஊற்றிக்கொள்ளத் தெரியவில்லை. சட்டை முழுதும் நனைந்தது.

ஸெலிக்


ஓல்ட் ஆர்ச்சர்ட் பீச்
18 அக்டோபர் 1995

ஸெலிக்,

உறையை மூன்று நாள் பிரிக்காமல் மேஜையில் வைத்திருந்தேன். நாலாம் நாள் பிரித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். நம் வீட்டில் பொய் போதும். சில நாள் மன்னித்திருக்கிறேன், சில நாள் மண்வெட்டி நழுவுகிறது. இனி அப்படித்தான் இருக்கும், நீ பழகிக்கொள்.

ஆனால் குப்பர்மன் அம்மா படுத்திருக்கும் இடத்தை நீ மட்டும் தொலைக்கவில்லை. நான் அந்த ஊர் வாசலிலேயே, கையில் பாசியோடு, "பாத்துட்டேன் ஸெலிக்" என்று சொல்லியிருந்தால் உனக்கு எங்கேயும் ஒளிய வழி இருந்திருக்காது. அன்றைக்கே உள்ளே வந்திருப்பாய். உன் தாத்தாவின் கல்லையும் நீ பார்த்திருப்பாய். கையில் ஒன்று இருக்கட்டும் என்று நான் வைத்துக்கொண்டதற்கு விலை, அம்மாவின் இடப்பக்கம். அது உன் இடம். அங்கே இனி குப்பர்மன் அம்மாதான். உயிரோடு இருந்தபோதே வாய் ஓயாதவள், என் அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. நீ கிடக்க வேண்டிய இடம் என்று நினைத்தால் மட்டும் தாங்கவில்லை.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று இன்று மிஸஸ் தெரியோவிடம் சொல்லிவிட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தாள். "அப்ப ஏழு வாரமா நான் குடுத்த சூப்பு?" என்றாள். பறவைகள் குடித்தன என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

காலையில் உன் கடலில் கால் வைத்தேன். ஐஸ். இதில் என்ன கண்டாய் என்று ஒவ்வொரு வருஷமும் உன்னைக் கேட்டேன், நீ சிரித்து மழுப்புவாய். இப்போது தெரிகிறது. வாசல் இல்லாத இடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்கு அப்புறம் போகலாம், கரிந்த பாத்திரம் எங்கும் ஓடிவிடாது. நேரே அம்மாவிடம் போவோம். உன் பிளாஸ்கை எடுத்து வா, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். வாசலில் என்னிடம் கொடுத்துவிடு.

நின்று காத்திருக்காதே. என்கூட உள்ளே வா. வெளியே வரும்போது நீ கையை நீட்டு, நான் ஊற்றுகிறேன்.

ப்லூமா